எழுபத்திரண்டு கருவிகளும் ஒரு கிட்டார் பட்டையும்

ஒத்திகையின் நடுவில், மனைவி தோளில் மாட்டியிருந்த கிட்டார் பட்டை அறுந்தது. கிட்டார் விழவில்லை, முழங்காலால் தாங்கிவிட்டாள். விழுந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் வாயிலிருந்து ஒரு சபதம்.

"கடையில எதுக்கு வாங்கணும்? நானே செய்யறேன். தோல்ல, பூ வேலைப்பாடோட."

இசைக்குழுவே கைதட்டியது. குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர், அக்கார்டியன் வாசிப்பவர். அவர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். நிகழ்ச்சிக்கு இன்னும் மூன்று வாரம். வீடு திரும்பும் வழியில்தான் நம்மவருக்கு உறைத்தது, தோல் என்றால் தனக்குச் செருப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்று.

ஆனாலும் பின்வாங்குகிற ஆளா அவர்? டிரை கிளீனிங் கடை வைத்திருக்கிறார். எதையும் சின்னதாகத் தொடங்கிப் பழக்கமில்லை. காலையில் நடக்கப் போவதாக முடிவு செய்த வருஷம் மூன்று ஜோடி ஷூ வந்தது. நடைதான் வரவில்லை. இப்போது போனில் ஒரு மரப்பெட்டியின் படத்தைப் பார்த்து அப்படியே சொக்கிப் போனார். எழுபத்திரண்டு கருவிகள். தோலில் இலை பதிக்கும் அச்சு மட்டுமே ஒன்பது.

மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"முதல் தடவை செய்யறவங்களுக்கு அஞ்சு சாமான் போதுங்க. கோடு கீற ஒரு கத்தி, ஓரம் அமுக்க ஒரு அச்சு, பூவுக்கு ஒரு அச்சு, மரச்சுத்தியல், ஓட்டை போட ஒண்ணு. அவ்வளவுதான்."

"உனக்கு யார் சொன்னா?"

"விக்கிறவங்களே கீழ எழுதியிருக்காங்க. நீங்க படத்தை மட்டும் பார்த்தீங்க."

இது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. எழுபத்திரண்டையும் தன் கடை முகவரிக்கு வரவழைத்தார். கூடவே ஒரு பெரிய தோல் சுருள். யாரும் வாங்க வராமல் கிடந்த கம்பளிகளுக்குப் பின்னால் எல்லாவற்றையும் ஒளித்து வைத்தார். பக்காவான திட்டம். மத்தியானம் அவர் வீடு வீடாகத் துணி கொடுக்கப் போகும்போது கல்லாவில் உட்காருவது மனைவிதான் என்பது மட்டும் அந்தத் திட்டத்தில் சேரவில்லை.

தினமும் கடை திறப்பதற்கு முன் வேலை நடந்தது. அச்சை வைத்து அடிப்பார். தோலில் ஒன்றும் பதியாது. ஓங்கி அடிப்பார். பதியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தால் அச்சு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். பெட்டிக்குள் இருந்த தாளில் முதல் வரியே, ஈர ஸ்பாஞ்சால் தோலை நனைத்துக்கொண்டு அடிக்கவும் என்றிருந்தது. படித்துவிட்டுச் சிரித்தார். இருபது வருஷ அனுபவம் ஆயிற்றே. ஒரு தோல் ஜாக்கெட்டில் தண்ணீர் பட்டதற்காக அதன் சொந்தக்காரர் கடை வாசலில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து, தோலில் தண்ணீர் படக்கூடாது என்று தன் கையாலேயே எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறார். விவரம் தெரியாதவன் எவனோ எழுதியிருக்கிறான் என்று தாளை மடித்துப் பெட்டிக்கு அடியில் தள்ளினார்.

இரண்டு வாரத்தில் மூன்று பட்டைகள் பாழாயின. ஒன்று கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. மற்ற இரண்டும் அந்த அளவுக்குக்கூட இல்லை. தோல் சுருள் வேறு அவர் வெட்டியதைவிட வேகமாகக் குறைந்துகொண்டே வந்தது. கோபத்தில் எவ்வளவு வெட்டினோமோ என்று அதையும் தன் கணக்கிலேயே போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி விசாரிப்பாள், பட்டை எப்படி வருகிறது என்று. முக்கால்வாசி முடிந்துவிட்டது என்பார். மறுநாள் கேட்டாலும் அதே முக்கால்வாசிதான். ஞாயிறு நிகழ்ச்சி. வெறுங்கையோடு போனால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? பல் டாக்டர் குலுக்கிய கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

சனிக்கிழமை காலை நேராக வாத்தியக் கடைக்குப் போனார். கொக்கியில் ஒரே ஒரு தோல் பட்டை தொங்கியது. கொடி ஓடி, நடுநடுவே பூக்கள். கையால் செய்தது, நேற்றுதான் வந்தது என்றார் கடைக்காரர். நம்மவர் பேரம்கூடப் பேசவில்லை. தெருமுனையிலேயே விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டார். உழைத்த அடையாளத்துக்கு விரலில் கொஞ்சம் ஷூ பாலிஷ் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பூ எல்லாம் நீங்களே அடிச்சதா?"

"பின்னே?"

"இந்த இலை ஓரம் ரொம்பக் கஷ்டமாச்சே."

"கஷ்டம்தான். போகப் போகக் கை பழகிடுச்சு."

அவள் பட்டையைத் தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு. பெருமைச் சிரிப்பு என்று நினைத்தார். அப்பாடா என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில் பல் டாக்டர் மைக்கைப் பிடித்து, அந்தப் பட்டையைச் செய்த கலைஞர் இதோ முன்வரிசையில் இருக்கிறார் என்றார். அரங்கமே கைதட்டியது. கலைஞர் எழுந்து கும்பிட்டார். உட்காருவதற்குள் டாக்டர் அடுத்ததைச் சொன்னார்: குழுவில் தோளில் வாத்தியம் மாட்டுகிறவர்கள் இன்னும் நான்கு பேர், அவர்களுக்கும் இதே மாதிரி வேண்டும், அடுத்த மாதத்துக்குள். அவர் செய்துவிடுவார் என்று மேடையிலிருந்த மனைவி தலையாட்டினாள். நம்மவருக்கு நாற்காலி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

வீடு திரும்பும்போது கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பாதி வழியில், இனி மறைத்துப் பயனில்லை என்று நின்றுவிட்டார்.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பட்டை..."

"கடையில வாங்கினது. அதானே?"

அவர் கிட்டாரை மெல்லத் தரையில் இறக்கி வைத்தார்.

"அதை அங்க கொடுத்து வச்சதே நான்தாங்க. கம்பளிக்குப் பின்னாடி இருந்த பெட்டியில அஞ்சு சாமானை எடுத்து, தோலை நனைச்சு, மத்தியானத்துல உட்கார்ந்து செஞ்சேன். சனிக்கிழமை நீங்க அங்கதான் ஓடி வருவீங்க, வேற யாருக்கும் கொடுத்துடாதீங்கன்னு கடைக்காரர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம்தான் இறங்கியது. எவ்வளவு நிம்மதி என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்புறம்தான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, அந்த நாலு பட்டைக்கு என்ன செய்வது என்று ஈனக்குரலில் கேட்டார்.

"அதுக்கு ஏன் கவலைப்படறீங்க? நாலையும் நான் செஞ்சு அதே கடையில மாட்டி வைக்கிறேன். நீங்க வழக்கம்போல வாங்கிட்டு வந்து, நானே செஞ்சேன்னு சொல்லிக் கொடுங்க."