கண்டக்டர் போன இடம்

“இதுல பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்ல எங்க அமுக்கணும்?” என்று புதுத் தளத்தில் சேர்ந்த கையோடு மெக்கானிக் கேட்டபோதே டைம்கீப்பர் சுதாரித்திருக்க வேண்டும்.

“இங்க பூப்படம் கிடையாதுப்பா. விளம்பரமும் கிடையாது. நாம பேசுறது மட்டும்தான்.”

“அப்ப என்னத்துக்கு வந்தோம்?”

கண்டக்டருக்காக வந்தார்கள். பஸ் டிப்போ ஓய்வறையில் கண்டக்டர் வாயைத் திறந்தால் கிளம்ப வேண்டிய வண்டி கிளம்பாது. தாமதத்தைக் குறிக்க வேண்டிய டைம்கீப்பரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். ரிடையரான பிறகு அந்தக் கும்பல், ஊருலகமே இருக்கும் பெரிய சமூக வலைத்தளத்தில் ஒரு குரூப் வைத்துக்கொண்டது. ஒருநாள் கண்டக்டர் பக்கம் பக்கமாக எழுதிய கதையை அந்தத் தளம் யார் கண்ணிலும் காட்டாமல், முழங்கால் தைல விளம்பரத்தைக் காட்டியது.

“மனுஷனைவிடத் தைலம் பெரிசாப் போச்சா?” என்று கோபித்துக்கொண்டு, அதிகம் பேர் கேள்விப்படாத சின்னத் தளம் ஒன்றுக்குப் போய்விட்டார்.

அதன்பின் குரூப்பில் பூக்கள்தான் பூத்தன. போனில் தனியாகப் பேசினால் கண்டக்டர் ரத்தக்கொதிப்பைத் தாண்டுவதில்லை. கும்பல் இருந்தால்தான் அவருக்குப் பேச்சே வரும். அந்தப் பேச்சை இன்னொரு முறை கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று டைம்கீப்பருக்குப் பயம் வந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் கும்பலோடு சின்னத் தளத்தில் போய் நின்று அவரை அசத்துவதென்று முடிவெடுத்தார்.

முதலில் லிங்க் அனுப்பினார். எல்லாரும் அதற்கும் பூ போட்டார்கள். வீடு வீடாகப் போய்ச் சேர்த்துவிட்டார். பாஸ்வேர்டை மறந்தவர்கள், மறந்த சேதியைப் பழைய குரூப்பில் வந்து சொல்லிவிட்டு, அங்கேயே தங்கிவிட்டார்கள்.

“பழசை மூடினாத்தான்பா மாமாங்க எல்லாம் நகருவாங்க” என்றாள் மகள்.

டைம்கீப்பர் ஒவ்வொருவராகப் பழைய குரூப்பிலிருந்து நீக்கினார். கடைசியில், ஆளைச் சேர்க்கும் அதிகாரம் இருந்த தன் கணக்கையும் அழித்தார்.

“சர்வீஸ்ல இருந்தப்பகூட என்னை யாரும் இப்படி நடுவழியில இறக்கிவிட்டதில்லைய்யா!” என்று டிரைவர் போன் போட்டுத் திட்டினார்.

வேறு போக்கிடம் இல்லாமல் எல்லாரும் சின்னத் தளத்துக்கு வந்தார்கள். வந்த கடுப்பில் பேசவும் ஆரம்பித்தார்கள். ஓய்வறை மின்விசிறிக்குக் கீழே யார் படுப்பது என்ற பழைய சண்டை மறுபடி கிளம்பியது. படிக்கப் படிக்க டைம்கீப்பருக்குக் கண் கலங்கியது. இனி கண்டக்டர் ஒருவர்தான் பாக்கி.

அவரைத் தேடினார். காணோம். மகளைத் தேடச் சொன்னார். அவளுக்கும் அகப்படவில்லை. அசத்துவதாவது ஒன்றாவது என்று கண்டக்டர் வீட்டுக்கே போன் போட்டார். அவர் மனைவி எடுத்தார்.

“எங்கம்மா அவரு? நாங்க எல்லாரும் அவருக்காகத்தான்...”

“நல்லா இருக்குண்ணே நீங்க பண்றது! உங்களை எல்லாம் விட்டுட்டு இருக்க முடியலைன்னு அந்தச் சின்ன இடத்துக்கு ஒரேயடியா முழுக்குப் போட்டுட்டு, பழைய குரூப்புல சேர்த்துக்கச் சொல்லிக் கேட்டு, போன வாரத்துலேருந்து போனும் கையுமா உக்காந்திருக்காரு. ஏண்ணே, ஒருத்தர்கூட அவரைச் சேர்த்துக்க மாட்டேங்கறீங்க?”