நாற்பது கேள்வியும் ஒரு சிங்கமும்

நான் ஒரு சிங்கம்.

இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சர்க்கார் காகிதத்தில், சைக்ளோஸ்டைல் மையில், நாற்பது கேள்விகள் சேர்ந்து சொல்லின.

எண்பதாம் வருஷம் ஏப்ரல் மாதம். டில்லியில் எங்கள் அமைச்சகத்தில் அசிஸ்டெண்டுகளுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். முதல் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினோம். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, தூங்கவிடாத ஓர் ஆசாமி டை கட்டிக்கொண்டு வந்தார். "உங்களை நீங்கள் அறிவீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்படி ஒரு ஃபைல் எங்கள் செக்‌ஷனுக்கு வந்ததே இல்லை.

ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார். தாளுக்கு நாற்பது கேள்வி. ஆம் என்றோ இல்லை என்றோ டிக் அடிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் நாம் சிங்கமா, யானையா, ஆந்தையா, முயலா என்று தெரிந்துவிடுமாம். முதல் தாளின் முடிவில் திருப்தியில்லாதவர்கள், வீட்டில் ஆற அமர உட்கார்ந்து இரண்டாம் தாளை எழுதிப் பார்க்கலாமாம்.

நான் உள்ளது உள்ளபடி எழுதினேன். முயல் வந்தது.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சட்டைப்பையில் பென்சிலும் ரப்பரும் இருந்தன. உண்மையைக் கொஞ்சம் ஆழமாக யோசித்தேன். சஃப்தர்ஜங் விமான நிலையம் வருவதற்குள் யானையாகிவிட்டேன். கிட்வாய் நகர் ஸ்டாப்பில் இறங்கும்போது சிங்கம். நாற்பதுக்கு முப்பத்தாறு.

சிங்கமாவதற்கு எனக்கு ஓர் அவசரம் இருந்தது. மார்ச் மாதக் கடைசியில் என் மனைவி ஜெயலட்சுமி ஒரு விண்ணப்பம் வைத்தாள். மோதி பாக் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தர ஆள் கேட்கிறார்களாம். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, பையன் கான்பூர் ஹாஸ்டலில் இருக்கிறான், வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானேன் என்று கேட்டாள். நான், "பார்க்கலாம்" என்றேன். சர்க்கார் பாஷையில் அதற்குப் 'பார்க்கப்போவதில்லை' என்று அர்த்தம். அவளுக்கு அந்த பாஷை தெரியுமோ என்னவோ, அப்புறம் கேட்கவே இல்லை. அந்த மௌனம்தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

எனக்கு அவள் வேலைக்குப் போவதில் கொள்கை ரீதியாக ஆட்சேபணை கிடையாது. காபி ரீதியாகத்தான் ஆட்சேபணை. காலை ஆறு மணிக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று. எட்டு மணிக்கு டிபன், அதன் தலையில் ஒன்று. மாயவரத்தில் தாலி கட்டிய நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை. ஆகவே, முடிவாக 'முடியாது' என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன். அதைச் சொல்ல முயலால் முடியாது.

வாசலிலேயே ஆரம்பித்தேன். "ஜெயா, இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு டெஸ்ட். பர்சனாலிட்டி."

"பர்ஸ் காலியா? மாசம் பதினெட்டாம் தேதி வேற எப்படி இருக்கும்?"

"பர்சனாலிட்டி! என் குணம் என்னன்னு கண்டுபிடிச்சுட்டாங்க."

"அதுக்கு ஆபீஸ்ல எதுக்கு? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

"நான் சிங்கம்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, நின்ற வாக்கிலேயே படித்தாள்.

"ஏழாவது கேள்வி. கூட்டத்துல யாராவது இடிச்சா தட்டிக் கேப்பீங்களா? ஆமான்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்."

"போன வாரம் பஸ்ல அந்தப் பஞ்சாபி அம்மா உங்க மடியிலேயே உக்காந்துச்சு. நீங்கதான் 'சாரி'ன்னீங்க."

"அது மரியாதை. சிங்கத்துக்கு மரியாதை உண்டு."

"அச்சா. லாஜ்பத் நகர் வரைக்கும் எழுந்திரிக்கச் சொல்லாம இருந்ததும் மரியாதையா?"

"கால் மரத்துப்போச்சு. அப்புறம் வெயிட்டே தெரியல. இப்ப அதுவா விஷயம்? சிங்கம் முடிவெடுக்கும். எடுத்த முடிவை மாத்தாது. கீழே போட்டிருக்கு பாரு."

"போட்டிருக்கு. அடுத்த வரியும் போட்டிருக்கு. ஆபத்துன்னா எல்லாருக்கும் முன்னால போய் நிக்கும்."

அந்த வரியை நான் படிக்கவில்லை. சிங்கம் வந்த சந்தோஷத்தில் முதல் வரியோடு நிறுத்திவிட்டேன்.

"ரொம்ப நல்லதுங்க. இந்த பிளாக்குக்கு இப்படி ஒருத்தர் வேணும்" என்று சொல்லிவிட்டு, அவள் கீழ் வீட்டு வள்ளியிடம் கறிவேப்பிலை வாங்கப் போனாள். கறிவேப்பிலை வாங்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. நான் சொல்ல வந்த 'முடியாது' சொல்லப்படாமலே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கதவு இடிபட்டது. வள்ளியின் கணவர் ஜோதிலிங்கம். மிலிட்டரி கணக்கு ஆபீஸ்காரர். பின்னால் படிக்கட்டு நெடுகப் பெண்கள், குழந்தைகள், மூன்றாவது வீட்டு சர்தார்ஜி.

"கலியமூர்த்தி சார்! ஜல்தி வாங்க! மொட்டை மாடியில குரங்கு! வள்ளி காயப்போட்ட வடாமெல்லாம் போவுது!"

"குரங்குக்கு நான் எதுக்கு? கல்லு விட்டு எறிங்க."

"எறிஞ்சோம். அது பிடிச்சுத் திருப்பி எறியுது. நீங்க சிங்கம்னு சொன்னாங்களே. நாற்பதுக்கு முப்பத்தாறாமே! எனக்கு ஸ்கூல்லகூட அவ்வளவு வந்ததில்ல, சார்."

திரும்பிப் பார்த்தேன். ஜெயலட்சுமி விளக்குமாற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். வாளெடுத்துக் கொடுக்கிற வீரத்தாய் மாதிரி.

"முன்னால போங்க. நாங்க பின்னாலயே வர்றோம்" என்றாள்.

முன்னால் போனேன். பின்னால் யாரும் வரவில்லை. மாடிக் கதவு எனக்குப் பின்னால் சாத்தப்படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

குரங்கு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தது. குரங்கு என்பது பேச்சுக்கு. ஜாயிண்ட் செக்ரட்டரி மாதிரி இருந்தது. வடாத்தை நிதானமாக மென்றுகொண்டு, 'என்ன விஷயமாக வந்தீர்?' என்பதுபோல் பார்த்தது. எனக்குத் தானாகவே கை கட்டிக்கொண்டது. விளக்குமாறு கக்கத்துக்குப் போயிற்று. பிறகு கடமை நினைவு வந்து, தொண்டையைச் செருமி கர்ஜனை செய்தேன். அது இருமலாக வெளிவந்தது.

குரங்கு எழுந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு ஞாபகமில்லை. முதலில் விளக்குமாறு போயிற்று. அப்புறம் மூக்குக் கண்ணாடி போயிற்று. லுங்கியைப் பிடித்து அது ஒரு பக்கம் இழுத்தது, நான் ஒரு பக்கம் இழுத்தேன். அதற்குத்தான் பிடிமானம் அதிகம்.

மேலே போனது சிங்கம். நீலக் கோடு போட்ட அண்டர்வேரோடு கீழே வந்தது அசிங்கம்.

சர்தார்ஜி தன் துண்டைக் கொடுத்து உதவினார். அவர் சிரிக்கவில்லை என்றுதான் சொல்வேன். கண்ணாடி இல்லாததால் சரியாகத் தெரியவில்லை.

கட்டிலில் கிடந்தேன். கண்ணாடிக் கடை திங்கட்கிழமைதான் திறக்கும். உலகம் முழுக்கக் கஞ்சியில் விழுந்த மாதிரி இருந்தது. இதற்குள் பக்கத்து பிளாக்கிலிருந்து ஆள் வந்து, அவர்கள் வீட்டுப் பரணில் குளவிக்கூடு இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"ஜெயா, எனக்குச் சிங்கம் வேண்டாம்."

"அப்படியெல்லாம் நெனச்சா விட்டுட முடியுமா? பேப்பர்ல வந்துருச்சே."

"இரண்டாவது தாள் இருக்கு. முதல்ல திருப்தி இல்லைன்னா அதை எழுதலாம்னு சொன்னாங்க. ஆந்தையாயிடறேன். ஆந்தை யோசிக்கும். சண்டைக்குப் போகாது. உக்காந்த இடத்துலேயே இருந்து எல்லாருக்கும் புத்தி சொல்லும்."

"பகல்ல கண்ணு வேற தெரியாது. பொருத்தமாத்தான் இருக்கு."

"ஆனா கேள்வியை எப்படிப் படிக்கிறது?"

"நான் படிக்கிறேன். நீங்க பதில் சொன்னா டிக் போடறேன்."

இவ்வளவு உதவும் மனசை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவள் தாளோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் கண்ணுக்கு அவளே ஒரு மஞ்சள் புடவை மூட்டமாகத்தான் தெரிந்தாள். தாள் வெறும் வெள்ளை மூட்டம்.

"இங்கிலீஷ்ல இருக்கு. தமிழாக்கிச் சொல்றேன். முதல் கேள்வி. பால் பொங்கும்போது அடுப்பை அணைப்பீங்களா?"

"மனைவியைக் கூப்பிடுவேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. ஆந்தை யோசிக்கும்."

"...அணைப்பேன்."

"அச்சா. ரெண்டாவது. சமையலறையில சர்க்கரை எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியுமா?"

"இதெல்லாமா கேக்கிறாங்க? முதல் தாள்ல பஸ், கூட்டம், மேலதிகாரின்னு இருந்துச்சே."

"அது வெளிக்குணம். இது உள்குணம். தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா முயல்."

"தெரியும்! தெரியும்!"

"மேல் தட்டுல, இடது பக்கம், ரெண்டாவது டப்பா. ஞாபகம் வச்சுக்குங்க, மறுபடி கேப்பாங்க. மூணாவது. காபியை யார் போட்டாலும் காபிதான்னு நம்பறீங்களா?"

இங்கே எனக்குக் கொஞ்சம் இடித்தது. "ஜெயா, டை கட்டின மனுஷனுக்கு நம்ம வீட்டுக் காபி எப்படித் தெரியும்?"

"அவருக்கும் வீடு இருக்காதா? நம்பறீங்களா, இல்லையா? கீழ்ப் படிக்கட்டுல யாரோ ஏறி வர்றாங்க. குளவிக்கூட்டுக்காரரா இருக்கும்."

"நம்பறேன்!"

இப்படியே முப்பத்தொன்பது கேள்வி. வெந்நீர் போடத் தெரிந்தவன் தத்துவம் அறிந்தவன் என்று ஒப்புக்கொண்டேன். காலையில் மனைவியை எழுப்பாமல் எழுந்திருப்பது மூளைக்கு ரத்த ஓட்டம் தரும் என்று ஒப்புக்கொண்டேன். மனைவி வேலைக்குப் போனால் குடும்பத்தின் சிந்தனை வளம் பெருகும் என்ற கேள்வி இருபத்தெட்டாவதாக வந்தது. மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னேன். கதவு தட்டப்பட்டது. சம்மதித்துவிட்டேன்.

"நாற்பதாவது பிராக்டிகல்" என்றாள்.

"பிராக்டிகலா?"

"எழுந்து போய் ஒரு காபி போட்டுக் கொண்டாரணும். பக்கத்துல இருக்கிறவங்க மார்க் போடணும்னு இருக்கு. இதுல தேறினாத்தான் ஆந்தை."

சுவரைத் தடவிக்கொண்டு போனேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடியே வழி சொன்னாள். முதல் காபியில் அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, அது காபியே இல்லை, நேற்றைய ரசத்தில் பால் சேர்த்திருக்கிறேன் என்றாள். இரண்டாவதில் உப்பு. மூன்றாவதைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"பாஸ். ஆந்தை. நாற்பதுக்கு முப்பத்தெட்டு."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முதல் தாளில்கூட ரப்பர் போட்டுத்தான் முப்பத்தாறு. இது நேர்மையான முப்பத்தெட்டு. அவளே வெளியே போய், "இவர் சிங்கம் இல்லீங்க, மறு டெஸ்ட்ல மாறிப்போச்சு" என்று, வாசலிலேயே காத்திருந்த குளவிக்கூட்டுக்காரரை அனுப்பிவிட்டு வந்தாள். பிளாக்கில் அமைதி திரும்பியது. நான் ஆந்தைக்குரிய கம்பீரத்தோடு எழுந்து உட்கார்ந்தேன். இப்படிப்பட்டவளிடம் 'முடியாது' என்று சொல்வதா? இருபத்தெட்டாவது கேள்வியில் சம்மதித்தது சம்மதித்ததுதான். பெரிய மனசு பண்ணி, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஜெயா, நிறைய யோசிச்சேன். அந்த மோதி பாக் வேலை விஷயம். நீ தாராளமா போய்ச் சேரலாம். நான் அனுமதி கொடுக்கிறேன்."

"ரொம்பச் சந்தோஷங்க. ஆனா நான் முதல் தேதியே சேர்ந்தாச்சே."

"எந்த முதல் தேதி?"

"ஏப்ரல் முதல் தேதி. நீங்க எட்டேகாலுக்கு பஸ் ஏறுவீங்க, நான் பத்தரைக்கு ஏறுவேன். நீங்க வர்றதுக்குள்ள வந்துருவேன். பிளாக்குல எல்லாருக்கும் தெரியும். நீங்களும் 'பார்க்கலாம்'னீங்களே, பார்ப்பீங்கன்னுதான் இருந்தேன்."

"ஏப்ரல் ஒண்ணா? அது முட்டாள்கள் தினமாச்சே!"

"உங்களை நெனச்சுக்கிட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன்."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அப்ப, நான் சம்மதிச்சாலும் சம்மதிக்காட்டியும் ஒண்ணுதானே? எதுக்கு என்னை உக்கார வச்சு நாற்பது கேள்வி கேட்டே?"

அவள் தாளை நான்காக மடித்து அலமாரியில் வைத்தாள்.

"நாளையிலேருந்து எனக்குக் காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கே கெளம்பணும். எனக்கு அஞ்சரைக்குக் காபி போட்டுடுங்க."