ஏர்கோன் அண்ணன் எடுத்த கறுப்புப் படம்

கூலாய் ஊரிலேயே சூரியனோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்ற ஒரே மனிதர் எங்கள் தாமான் குடியிருப்பின் ஏர்கோன் அண்ணன்தான். குளிர்சாதனம் பழுதுபார்த்து ஊரைக் குளிரவைப்பது தொழில். வெயிலில் வேகுவது பொழுதுபோக்கு. சூரியனைப் படமெடுக்கப் பீரங்கி மாதிரி ஒரு கேமரா லென்ஸ், அதன் வாயில் சூரியனைத் தவிர வேறெதையும் காட்டாத கறுப்பு வடிகட்டி. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் வாசலில் அலைவார். மேகம் மறைத்தால் வாய்க்கு வந்தபடி திட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் ஓடிப்போய்க் கொடித் துணியை எடுத்துவிடுவோம். மழை தப்பியதே இல்லை.

ஒருமுறை சூரியனில் பூமியைவிடப் பெரிய கரும்புள்ளி கண்டதாகத் தெருவையே கூட்டினார். கேமராத் திரையை எட்டிப் பார்த்தேன்.

"அண்ணே, புள்ளி கால ஆட்டுதே."

எறும்பு. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகு வளையக் கிரகணம் வந்தது. சூரியன் மோதிரம்போல் நிற்பது ஓரிரு நிமிடம். எங்கள் ஊரில் அவர் ஆயுசுக்கும் இன்னொன்று கிடையாது. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் திரிந்தார்.

அன்று நான் நிறைமாதம். பிள்ளைக்கு ஆகாதென்று மாமியார் என்னை அறைக்குள் வைத்து, ஜன்னலைப் போர்வையால் அடைத்திருந்தார். சோறு தண்ணீர் கிடையாது. அந்த நேரம் பார்த்தா ஏர்கோன் நிற்க வேண்டும்? எனக்குக் கண் இருட்டியது. மாமியார் பயந்துபோய் அண்ணனுக்குப் போன் போட்டார்.

கேமராவை அப்படியே போட்டுவிட்டு, மேகத்தைத் திட்டும் அதே வாயால் எங்களைத் திட்டிக்கொண்டே ஓடிவந்தார். முதலில் என்னை வெளியே விடச் சொன்னார். மாமியார் கதவை மறித்துக்கொண்டார்.

"கெரகணம் முடியட்டும்லா தம்பி."

அண்ணன் ஏணியில் ஏறி ஏர்கோன் மூடியைக் கழற்றினால், காற்றாடியில் பல்லி சிக்கிச் செத்திருந்தது. அதை நோண்டும்போது வெளியே பிள்ளைகள் வளையம் வளையம் என்று கத்தினார்கள். அவர் கை ஒரு கணம் நின்றது.

"போங்கண்ணே, நான் தாங்கிக்குவேன்."

"பேசாம உக்காரு தங்கச்சி. மயங்கி விழுந்தா யாரு தூக்குறது?"

குளிர்காற்று வந்தபோது வளையம் கலைந்து, வெளியே சத்தம் அடங்கிவிட்டது. அன்றைக்கென்று வானத்தில் மேகமே இல்லை. திட்டக்கூட அவருக்கு ஆள் கிடைக்கவில்லை.

மகளின் முப்பதாம் நாளுக்கு அதே பீரங்கியோடு வந்து, வாசலில் நின்றபடி தொட்டிலைக் குறிபார்த்துப் படமெடுத்தார். வடிகட்டியைக் கழற்ற மறந்துவிட்டார். படம் முழுக்க இருட்டு. அழிக்கப் போனவரைத் தடுத்துக் கேட்டு வாங்கினேன்.

சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். யார் கேட்டாலும், அது என் மகள், எடுத்தது என் அண்ணன் என்றுதான் சொல்கிறேன்.