நாலு றெக்கை ஈயும் சாப்பாட்டு மேஜையும்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும் நலம். நீங்களும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜன்னலோரம் கிடந்த ஈ மட்டும் நலமில்லை. செத்துப் பத்து நாளாகிறது.

கேமராவைக் கொடுக்கும்போதே சொன்னீர்கள். பூச்சியை அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் ஒரு படத்தில் நூலளவு இடம்தான் தெளிவாக விழும். கேமராவை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நாற்பது படம் எடுத்து, தெளிவான பகுதிகளைக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்றீர்கள். முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்தவனுக்கா அளவு சொல்கிறீர்கள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். இரண்டு எல்லையிலும் கல் நட்டுவிட்டால் நடுவில் இருக்கும் நிலம் எங்கே ஓடிவிடும்? முகத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டே படம் எடுத்துச் சேர்த்தேன். முகம் இருந்தது, பின்பக்கம் இருந்தது, நடுவில் வெறும் புகை. "வயிறு எங்கங்க போச்சு?" என்றாள் உங்கள் அக்கா.

ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண் முழுக்கக் கட்டம் கட்டமாக, எந்த நில அளவையரும் பிரிக்காத ஒழுங்கில் பிரித்து வைத்திருக்கிறது. முழு ஈயையும் ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும். ஆனால் ஈயும் கேமராவுமாகச் சாப்பாட்டு மேஜை என் வசம் வந்து ஒரு வாரமாகிவிட்டது, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். "சனிக்கிழமைக்குள்ள முழு ஈ ஒண்ணு காட்டுங்க. இல்லேன்னா கேமராவத் தம்பிகிட்டயே அனுப்பிடுவேன்" என்று உங்கள் அக்கா கெடு வைத்துவிட்டாள்.

பயந்துபோய் நாற்பது படமும் முறையாக எடுத்தேன். சேர்த்துப் பார்த்தால், இரண்டே றெக்கை இருக்க வேண்டிய ஈக்கு நாலு றெக்கை! புது இனம் என்று பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டாக்டருக்குப் போன் போட்டே சொல்லிவிட்டேன். "செத்த ஈக்கு எப்படிங்க றெக்கை முளைக்கும்? பாதியில நான்தான் ஃபேனப் போட்டேன்" என்றாள் இவள். காற்றில் றெக்கை அசைந்து இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கிறது. டாக்டர் இப்போது என்னைப் பார்த்தால் நாடி பிடிக்க வருகிறார்.

இன்று சனிக்கிழமை. ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, முப்பத்தோராவது படம் வரை வந்தேன். எங்கிருந்தோ ஓர் எறும்பு வந்தது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் என் ஈயை மேஜை இடுக்கில் இழுத்துக்கொண்டு போயே போய்விட்டது. நான் தோற்றுவிட்டேன். வந்து கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. சின்னவளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவர்

பின்குறிப்பு: வர வேண்டாம். பெட்டியில் வைக்கச் சொல்லிக் கேமராவை உங்கள் அக்காவிடம் கொடுத்தேன். "சும்மா ஒரு தடவ" என்று பூந்தொட்டி இலையில் இருந்த வண்டைப் பார்த்தாள். "ஏங்க, இதுக்குக் கண்ணு மேலெல்லாம் முடி இருக்கு!" என்று கத்தினாள், அவ்வளவுதான். வண்டும் இலையுமாக மேஜைக்கு வந்துவிட்டது. இருபத்தேழாவது படம் ஓடுகிறது. வண்டுக்கு உயிர் இருப்பதால் நான் இருமக்கூடாதாம். வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கேமரா இனி உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் நீங்கள் சொன்னால் கேட்பாள். அந்த முடியை எனக்கும் ஒரே ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள்.