அணில் கிடைத்தால் பரீட்சை

பலாமரத்து உச்சியில் இருந்த மலையணில் இறங்குவதாக இல்லை. கீழே கணக்கு வாத்தியார் பால்ராஜ் கழுத்து வலிக்க நின்றுகொண்டிருந்தார். முடியாது என்று சொல்லத் தெரியாத ஒரே காரணத்துக்காக, பள்ளியின் இயற்கை மன்றத்தை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அணில் படம் இல்லாமல் திரும்பினால் அடுத்த வாரமும் குரங்கணி மலை ஏற வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். பால்ராஜின் முழங்கால் அதற்குச் சம்மதிக்காது.

"படம் கெடச்சதும் என்ன சார் செய்வோம்?" என்றாள் ஆறாம் வகுப்பு நிலா.

"நேரா பள்ளிக்கூடம். மதியம் கணக்குப் பரீட்சை."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அணிலை இறக்க வாழைப்பழத்தை உரித்து நீட்டினார். அணில் வரவில்லை, குரங்கு வந்தது. பழத்தோடு அவருடைய மூக்குக்கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு போனது. அதன்பிறகு மலை முழுவதும் அவருக்கு ஒரே பச்சை. போனை நிலாவிடம் கொடுத்தார்.

"நீயே எடு ஆத்தா."

எடுத்தாள்.

"படம் விழுந்துச்சா?"

"ஆடிருச்சு சார். அணிலும் ஓடிருச்சு."

காப்பித் தோட்டத்துக்கு ஏறினார்கள். காலடிச் சத்தத்துக்குத்தான் அணில் ஓடுகிறது என்று எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். பிள்ளைகள் கழற்றிவிட்டுப் பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். வெறுங்காலோடு புதருக்குள் நடந்தது அவர் மட்டும்தான். அட்டைகளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"அட்டைக்கு உப்பு வைக்கணும் சார்," என்றான் அழகுமலை.

உப்பு என்று கையில் இருந்தது மதியச் சாப்பாட்டு ஊறுகாய்தான். அதை எடுத்துக் காலில் அப்பினார். அட்டை விழுந்தது. எரிச்சலில் அவர் துள்ளியதில் சாப்பாட்டு டப்பாவும் ஓடையில் விழுந்தது.

பிள்ளைகள் ஓணானைப் படம் எடுத்தார்கள், சிலந்தியை எடுத்தார்கள், ஏலச்செடியின் அடியில் பூத்திருந்த பூவை மண்டியிட்டு எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டார்கள். ஒன்றுக்கும் விடை தெரியாத மனுஷன், "அணிலைப் பாருங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஜீப்பில் சாய்ந்தபோது அவருக்கு அழுகையே வந்தது.

"அடுத்த வாரமும் வரணும்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

நிலா போனை டிரைவர் சோணையிடம் நீட்டினாள். "அண்ணே, சாருக்குக் கண்ணு தெரியல. இதுல என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க."

சோணை வாங்கிப் பார்த்தார். "அணிலு. வாலு நுனி வரைக்கும் தெளிவாருக்கு. காலையில நாம வண்டிய நிப்பாட்டுன பலாமரமில்ல இது?"

பால்ராஜ் மெல்லத் திரும்பினார்.

"இப்பப் பாருங்க சார்," என்றாள் நிலா. "பள்ளிக்கூடம் விட்டிருப்பாங்க."