ஓடைக் கொசுவும் இருசம்மாளின் கோபமும்

ரெம்பியா ரப்பர் தோட்டம்,
1934, மாசி மாதம்.

சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் மாயாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை இருசம்மாளின் கணவன் வீராசாமி கும்பிட்டு எழுதுவது. இங்கே காய்ச்சலைத் தவிர மற்றபடி நலம். கோபித்துக்கொண்டு அங்கே வந்திருப்பவளுக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைக்க வேண்டும்.

நடந்தது இதுதான். நான் மலேரியாவில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மலாக்காவிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்து என் விரலைக் குத்தி ரத்தம் பார்த்தார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் சாமிநாதன், "உங்க ரத்தத்துல காய்ச்சல் கிருமி நல்லா வெளஞ்சிருக்காம். கொசுவுக்குக் குடுக்கிறீங்களான்னு கேக்கறாரு" என்றார். கோழி சூப்பு தருவதாகச் சொன்னதால் சம்மதித்தேன். வலைத்துணி கட்டிய மூன்று டப்பாக்களை என் கைமேல் கவிழ்த்தார்கள். ஒன்றில் வெயில் படும் மலை ஓடையில் பிறந்த கொசு, ஒன்றில் வயல் கொசு, ஒன்றில் சாக்கடைக் கொசு. அவை குடிக்கக் குடிக்க, காய்ச்சல் மயக்கத்தில் நான் ரப்பர் மரங்களுக்கு மேலே மெல்ல மிதந்தேன் மச்சான். கீழே ஓடை யாரோ தாலாட்டுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

சில நாள் வளர்த்து, டாக்டர் அவற்றை அறுத்துப் பார்த்தார். சாக்கடைக் கொசுவில் ஒன்றுமில்லை. வயல் கொசுவில் ஏதோ கொஞ்சம். ஓடைக் கொசுவின் வயிற்றிலோ கொத்துக் கொத்தாகக் கிருமி.

"எல்லாம் ஒரே ரத்தம்தானே குடிச்சிச்சு?" என்றேன்.

"அது ஒவ்வொண்ணோட உடம்பு வாகு. ஒண்ணு வளக்கும், ஒண்ணு செரிச்சுத் தள்ளிடும்" என்றார் சாமிநாதன்.

அந்த மயக்கத்தோடு வீட்டுக்கு வந்து, "நம்ம ரத்தம் ஓடைக் கொசுகிட்டதான் தங்குது இருசு. கடிக்கிறதெல்லாம் பொம்பளைக் கொசுதானாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தேன்.

"எங்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படிச் சிரிச்சுப் பேசியிருக்கீங்களா? அந்த ஓடைக்காரியோடவே குடும்பம் நடத்துங்க!" என்று பஸ் ஏறிவிட்டாள்.

அவள் இல்லாத வீட்டில் மழைச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்கிறது. இன்று காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை விழுங்கிவிட்டேன். இனி எந்தக் கொசுவுக்கும் கை நீட்டமாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அக்காளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. முருகன் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
வீராசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இருசம்மாள் வந்துவிட்டாள். அங்கிருந்து பஸ்ஸில் திரும்பியவள், வீட்டுக்கு வருமுன் நேராக ஆஸ்பத்திரிக்குச் சண்டைக்குப் போனாளாம். சாமிநாதன் பூதக்கண்ணாடியில் அந்தக் கொசு வயிற்றைக் காட்டியிருக்கிறார். "முத்து கோத்த மாதிரி இருக்குங்க" என்று கனவில் பேசுவதுபோல் சொல்கிறாள். கொசு வளர்க்கும் வேலைக்கும் ஒப்புக்கொண்டுவிட்டாள். "கொசுப் புள்ளைங்களுக்குச் சக்கரைத் தண்ணி வைக்கணும், நீங்களே சோறு போட்டுச் சாப்பிடுங்க" என்று இப்போதுதான் கிளம்பிப் போனாள். ஆகையால் மச்சான், மேலே எழுதியதை மறந்துவிட்டு, உடனே வந்து நல்ல வார்த்தை சொல்லி அவளை அங்கே அழைத்துப் போகவும்.