கூப்பிடு தூரமும் ஒரு பூசணிக்காயும்

அன்புள்ள தம்பிக்கு,

('அன்புள்ள' என்பது கடித மரபு. அதை வைத்து எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.) இங்கே எல்லோரும் நலம். உனக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை என்று தெரிந்த பிறகு உன் நலம் கேட்பது கேலி போலாகிவிடும் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

"ஏறி உக்காந்தா வந்துடலாம் அண்ணா, ஆபரேஷன் அன்னிக்கு நீ பக்கத்துல இருந்தா போதும்" என்று தொலைபேசியில் சொன்னாய். அப்பா படுக்கையில் கிடந்தபோது, "அவ்வளவு தூரம், நினைச்ச உடனே வர முடியுமா?" என்றவனும் நீதான். எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிய பிறகு வந்து இறங்கினாய். நான் வருவதென்றால் கூப்பிடு தூரம், நீ வருவதென்றால் கண்காணாத தூரமா?

அதனால் நானே அளந்தேன். உன் அண்ணியின் தையல் பெட்டியிலிருந்து நூலெடுத்து, சுவரில் தொங்கும் உலகப் படத்தில் நம் இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன். நேர்கோடு. பயணச்சீட்டு விற்பவரிடம் போனால், அவர் காட்டிய வழி வடக்கே பனிக்கடல் வரை வளைந்து ஏறி இறங்குகிறது. "ஆட்டோக்காரன்கூட இப்படிச் சுத்த மாட்டான்யா!" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். உன் அண்ணி அடுப்படியில் இருந்த பூசணிக்காயில் இரண்டு ஊருக்கு இரண்டு கிராம்பைக் குத்தி, அதே நூலை இழுத்துப் பிடித்தாள். நூல் தானாகவே மேலே வளைந்து நின்றது.

"உலகம் உருண்டைன்னு காலேஜ்ல சொல்லலையா? வளைஞ்சு போறதுதான் கிட்ட. நீங்கதான் வளையவே மாட்டீங்களே!"

அந்தப் பூசணிக்காயை நறுக்கிக்கொண்டேதான் இன்னொன்றும் சொன்னாள். அப்பா போன செய்தி நடுவழி விமான நிலையத்திலேயே உனக்கு வந்துவிட்டதாம். உன் மனைவி இவளிடம் சொன்னாளாம். மீதி தூரம் முழுக்க, முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் குறட்டை விட, நீ அதைத் தெரிந்துகொண்டே உட்கார்ந்து வந்திருக்கிறாய். என்னிடம் மட்டும், "ஃப்ளைட் லேட் அண்ணா." இதை இத்தனை வருடம் மறைத்ததும் உன் குற்றம்தான். சின்ன வயதில் எல்லாப் பேருந்திலும் ஜன்னலோரத்தைப் பிடுங்கிக்கொண்டதற்கு அடுத்த குற்றம்.

ஆகவே என்னால் வர இயலாது. முட்டி மடங்க மறுக்கிறது. அவ்வளவு நேரம் வானத்தில் உட்கார்ந்து எதையாவது யோசித்துக்கொண்டே வர எனக்குத் தெம்பும் இல்லை. உன் டாக்டர் கை நல்ல கையாக இருக்கட்டும். பெரியவன் என்ற முறையில் நீடூழி வாழ்க என்கிறேன். கோபம் வேறு, ஆசி வேறு.

இப்படிக்கு,
எதையும் மறக்காத
உன் அண்ணன்

பி.கு.: தபாலில் போட்டால் உன் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும் என்றார்கள். அதனால் கையோடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். படித்து முடித்துவிட்டாயானால் தலையை நிமிர்த்திப் பார். எதிர் நாற்காலியில்தான் இருக்கிறேன். வழியெல்லாம் எனக்கு ஜன்னலோரம்தான். மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இதற்காகவாடா அத்தனை சண்டை போட்டாய்?